அடக்கமான பிள்ளை என்றோம்

தம்பி,

போனில் பேசியிருக்கலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் இதை ஆரம்பித்தால் பாதியிலேயே “சரிப்பா, சாப்பிட்டியா” என்று பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன காலத்திலிருந்து நாம் இருவரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். மழை பெய்ததா, ஆற்றில் தண்ணீர் வருகிறதா, அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது. அதற்கு மேல் போனதில்லை. இதில் எழுதப் போவதை ஒரு தகப்பன் மகனிடம் பேசக்கூடாத சங்கதி என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அப்படி நினைத்ததால் வந்த வினையைத்தான் இப்போது எழுதுகிறேன். பொறுமையாகப் படி. மருமகளையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது லீவுக்கு இங்கே வந்திருக்கும் உன் மகள் இனியா தன் அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள் அல்லவா? அன்று விடியும்போதே பாயை நனைத்திருந்தாள். உடம்பு கதகதவென்று இருந்தது. ஒண்ணுக்குப் போகும்போது எரியுது என்று அழுதாள். உன் அம்மா இதைச் சொல்லி முடிப்பதற்குள் நீ பிள்ளையை முன்னால் வரச் சொன்னாய். “ஏழு வயசாச்சு, அடக்கத் தெரியாதா உனக்கு? லீவுக்குப் போன எடத்துலயும் மானத்த வாங்குறியா? அசிங்கமா இல்ல?” என்று கேட்டாய். பிள்ளை தரையைப் பார்த்தபடி நின்றாள். அதற்குள் போன் துண்டிக்கப்பட்டது. சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் அக்காதான் அணைத்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அவனுக்கு அப்படியே உங்க குரலுப்பா” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தம்பி, என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் மொட்டை மாடியில் வெயிலில் நின்றேன்.

அவள் எதைச் சொன்னாள் என்பது உனக்குத் தெரியாது. அப்போது நீ இடுப்பில் இருந்த பிள்ளை. சின்னமனூரில் நம் உரக்கடை நன்றாக ஓடிய காலம் அது. கீழே கடை, அதற்குப் பின்னால் குடோன், குடோனைத் தாண்டி முற்றம், முற்றத்தின் கோடியில் கக்கூஸ். நாம் குடியிருந்தது மாடியில். மாடியிலிருந்து கக்கூஸுக்குப் போக வேண்டுமென்றால் படியிறங்கி, மூட்டை தூக்குகிற ஆட்களைக் கடந்து, பூச்சி மருந்து வாங்க வந்து காத்திருக்கும் வாழைக்காரர்களையும் திராட்சைத் தோட்டக்காரர்களையும் கடந்துதான் போக வேண்டும். உன் அம்மா எப்படியோ விடியற்காலையிலும் கடை சாத்திய பிறகும் என்று பழக்கப்படுத்திக்கொண்டாள். உன் அக்கா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில் ஒருநாள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குடோன் வழியாக ஓடினாள். ஒரு ஆள் ஏதோ கேலியாகச் சொன்னான். அவனை நான் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, “ஆத்தா, ஆம்பளைக இருக்கப்ப அங்கன போகக்கூடாது, தெரியுதா? கடை சாத்துன பெறகு போ” என்றேன். பெண் பிள்ளைக்குப் புத்தி சொல்லி வளர்க்கிறேன் என்ற பெருமை எனக்கு.

அவள் நான் சொன்னதை அப்படியே கேட்டாள். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் மூக்கைப் பொத்திக்கொண்டுகூட நுழைய முடியாத இடம். ஆகவே காலையில் ஒரு தடவை, பிறகு கடை சாத்தியதும் ஒரு தடவை. நீயோ நினைத்தபோதெல்லாம் சட்டையைத் தூக்கிக்கொண்டு கடை வாசல் சாக்கடை ஓரத்தில் நிற்பாய். வருகிறவர்கள் உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். இதை எழுதும்போதுதான் அது எனக்கு உறைக்கிறது.

கொஞ்ச நாளில் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. சூட்டு உடம்பு என்று உன் அம்மா பார்லி கஞ்சி வைத்துக் கொடுத்தாள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். கேட்காவிட்டால் நான் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கி வருவேன். இரண்டு வேளை போட்டதும் எரிச்சல் நிற்கும். மீதி மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுவோம், அடுத்த தடவைக்கு ஆகும் என்று. அடுத்த தடவையும் வந்தது. அதற்கடுத்த தடவையும் வந்தது. ஒவ்வொரு தடவையும் வெயிலைக் குறை சொன்னோம், மாங்காயைக் குறை சொன்னோம், பிள்ளை செருப்பில்லாமல் நடப்பதைக் குறை சொன்னோம். பாவாடை நனைவதற்கு அவளையே குறை சொன்னோம்.

இப்போது எழுதப் போவதை உன் அம்மாவிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். உரக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். உன் அக்கா மாடிப்படியில் பாதி இறங்கி, ஆட்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். காலைப் பின்னிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். நான் பார்த்தேன். எதற்கு நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும். கண்ணாலேயே மேலே போகச் சொன்னேன். அவளால் போக முடியவில்லை. படியிலேயே போய்விட்டாள். தண்ணீர் ஒவ்வொரு படியாக வழிந்தது. “எரும மாதிரி வளந்துட்ட, அடக்கத் தெரியலையா? அசிங்கமா இல்ல?” என்று கத்தினேன். ஆட்கள் சிரித்தார்கள். கூட நானும் சிரித்தேன், தம்பி. அவர்கள் முன்னால் என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள என் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தேன்.

அதன் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். அது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பாவாடை நனையவில்லை என்று மட்டும் பார்த்தோம். உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண வீடு. மற்ற பிள்ளைகள் மண்டபத்துக்குப் பின்னால் ஓடியபோது அவள் மட்டும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரர்கள் பாராட்டினார்கள். “எம் மக காலைல போனான்னா ராத்திரிதான். வெளி எடத்துல ஒண்ணுக்கே போக மாட்டா. அம்புட்டு அடக்கமான பிள்ள” என்று நான் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நான் அவளைப் பாராட்டியது அபூர்வம். அந்தப் பாராட்டுக்காக இன்னும் அடக்கியிருப்பாள் அல்லவா? அந்தச் சிரிப்பு எனக்கு இப்போது தாங்க முடியாததாக இருக்கிறது.

பிறகு ஒருநாள் குளிர்க்காய்ச்சல் வந்தது. பல் கிடுகிடுக்க நடுங்கினாள், வாந்தி எடுத்தாள், இடுப்புக்கு மேலே விலாப்பக்கம் தொட்டால் அலறினாள். நீ சின்னப் பிள்ளை என்பதால் உன் அம்மா வீட்டில் இருந்துவிட்டாள். நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு தேனிக்குப் போனேன். அங்கே ஒரு பெண் குழந்தை டாக்டர். மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையிடம் கேட்டார்.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போவ, பாப்பா?”

அவள் என்னைப் பார்த்தாள். “காலைல. பெறகு கடை சாத்துனதும்.”

“நடுவுல?”

“போக மாட்டேன். ஆம்பளைக இருக்கப்ப போகக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காக.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். நான் வெளியே இருப்பதாகச் சொல்லி எழுந்தேன். “உக்காருங்கய்யா. நீங்கதான் கேக்கணும்” என்றார். அன்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அதை உனக்கும் சொல்கிறேன். ஆண் பிள்ளையைப் போல அல்ல, பெண் பிள்ளைக்கு மூத்திரம் வரும் குழாய் ரொம்பக் குட்டை. மலம் போகிற இடமும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இருக்கிற கிருமி உள்ளே ஏறுவது சுலபம். அடிக்கடி ஒண்ணுக்குப் போனால் அந்தக் கிருமி கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடும். அடக்கி வைத்தால் தேங்கிய இடத்திலேயே பெருகும். அவசரத்தில் பாதியில் எழுந்தாலும் அப்படித்தான், மீதி உள்ளே தங்கிவிடும். மலச்சிக்கல் இருந்தால் அது மூத்திரப் பையை அமுக்கும், பை முழுசாகக் காலியாகாது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி திரும்பக் கிளம்பும். அப்படியே மேலே ஏறிக் கிட்னி வரைக்கும் போகும். பாவாடை நனைவது பிள்ளையின் திமிர் இல்லை, நோவு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே மூத்திரம் மேலே திரும்பி ஏறும், அதையும் பார்த்துவிடுவோம், அதெல்லாம் யார் குற்றமும் இல்லை என்றார். நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பிறவிக் கோளாறாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் பிள்ளைக்குப் பிறவியிலேயே கோளாறு இருக்கட்டும் என்று வேண்டிய தகப்பன் நான்.

பிறவிக் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் மதுரையில் எடுத்த இன்னொரு ஸ்கேனில் இடது கிட்னியில் தழும்பு விழுந்திருப்பது தெரிந்தது. கிட்னி வேலை செய்யும், பயப்பட வேண்டாம், ஆனால் வருடா வருடம் பிரஷர் பார்க்க வேண்டும், பிள்ளை பெரியவளானதும் அவளிடம் சொல்ல வேண்டும், முக்கியமாகக் கர்ப்பமாகும்போது டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், “காய்ச்சல்தான், சரியாப் போச்சு” என்றேன். கிட்னி என்ற சொல் வெளியே போனால் நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மாத்திரையைக்கூட ஊரில் வாங்காமல் தேனியில் வாங்கி வந்தேன். சில மாதம் கழித்து மாடியில் ஒரு கக்கூஸ் கட்டினேன். கொத்தனார் எதற்கு என்று கேட்டபோது, விருந்தாளி வந்தா ஆகும் என்றேன். என் மகளுக்காகக் கட்டுகிறேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. பிரஷர் பார்க்கச் சில வருடம் கூட்டிப் போனேன். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள் என்று பிறகு விட்டுவிட்டேன்.

உன் அக்காவுக்குக் கூடலூரில் கல்யாணம் பேசினோம். மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. அவளிடமே சொல்லவில்லை. முதல் பிரசவத்தில் அவளுக்குப் பிரஷர் ஏறி, மாதம் நிறையுமுன்பே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் காரணம் உனக்குச் சொல்லப்படவில்லை. பழைய கிட்னித் தழும்பு என்று டாக்டர் சொன்னபோது, உன் மச்சான் என் பக்கம் திரும்பினார். “மாமா, இது முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார். கட்டிலில் படுத்திருந்த உன் அக்கா எனக்கு முன்னால் பதில் சொன்னாள், “என்ன பேசுறீக? எனக்கே தெரியாதே. அப்பாவுக்கு எப்படித் தெரியும்?” என்று. எனக்காகப் பேசினாள். நான் சும்மா நின்றேன். சும்மா நிற்பதைப் பார்த்து அவளுக்கே புரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பையன் இன்று உயரமாக வளர்ந்து நிற்கிறான், தெய்வம் காப்பாற்றியது. ஆனால் இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அவள் தினமும் பிரஷர் மாத்திரை போடுகிறாள். வங்கிக்கு வேலைக்குப் போகிறாள், வருகிறாள், பண்டிகைக்கு எனக்கு வேட்டி எடுத்துத் தருகிறாள். இதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

இனி உன் மகளுக்கு வருகிறேன். போனை அணைத்த பிறகு உன் அக்கா இனியாவை மடியில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தாள். நான் அடுத்த அறையில் இருந்து கேட்டேன்.

“பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்கு வந்தா என்ன செய்வ, ஆத்தா?”

“போக மாட்டேன் அத்தை. அங்க தாழ்ப்பாள் இல்ல. பசங்க கதவத் தள்ளிட்டு ஓடுறாங்க. மிஸ்கிட்ட கேட்டா பெல் அடிக்கட்டும்பாங்க.”

“தண்ணி குடிப்பியா?”

இனியா குரலைத் தாழ்த்தினாள். “அம்மாகிட்ட சொல்ல மாட்டீங்களே? வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி பாட்டில் தண்ணியச் செடிக்கு ஊத்திடுவேன். பாட்டில் காலியா இருக்கான்னு அம்மா பாப்பாங்க.”

“வீட்டுல நல்ல பாத்ரூம் இருக்குல்ல?”

“இருக்கு. உக்காந்தா கால் தரைக்கு எட்டாது. விழுந்துருவேனோன்னு பயமா இருக்கும். சீக்கிரம் எந்திரிச்சுருவேன்.”

தம்பி, மருமகள் கவனமில்லாதவள் இல்லை. தண்ணீர் குடித்தாளா என்று தினமும் பாட்டிலைப் பார்க்கிறவள். நீயும் பாசமில்லாதவன் இல்லை. இதற்கு முன் எரிச்சல் வந்த மூன்று தடவையும் டாக்டரிடம் காட்டினீர்கள், மாத்திரை வாங்கினீர்கள், சுத்தமாக இரு என்று சொன்னீர்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

மறுநாள் காலையில் உன் அக்கா வங்கிக்கு லீவு சொல்லிவிட்டு பிள்ளையைத் தேனிக்குக் கூட்டிப் போனாள். நான் வாசல்வரை போய் நின்றேன். “வாங்க, வந்து நீங்களும் கேளுங்க” என்றாள். போனேன். இப்போது இருக்கும் டாக்டர் வேறு ஆள், சின்ன வயது. மாத்திரை எழுதுவதற்கு முன்பே மூத்திரத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அதில் தெரியுமாம். வயிற்றை அமுக்கிப் பார்த்து மலச்சிக்கல் இருக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே போன பிள்ளை வெளியே வரும்வரை உன் அக்கா என் பக்கத்து நாற்காலியில் புடவைத் தலைப்பை முறுக்கியபடி இருந்தாள். இரண்டு கிட்னியும் நன்றாக இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், “நல்லாப் பாத்தீகளா? எடது பக்கமும் பாத்தீகளா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அதன் பிறகு வராந்தாவுக்குப் போய் நின்று அழுதாள். அந்த வயதில் அவளுக்காக யாரும் இப்படிக் கேட்கவில்லை. என்னால் அவள் பக்கத்தில் போக முடியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் இனியா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். வீரபாண்டி தாண்டியதும் நான் பேசினேன். “ஆத்தா, நான் உனக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன்” என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியும்ப்பா” என்றாள். “என்னய மன்னிச்சிரு” என்றேன். “அத இப்பக் கேக்காதீக. எனக்கே தெரியல. முதல்ல தம்பிக்குச் சொல்லுங்க. நான் சொன்னா அக்கா ஏதோ பேசுறான்னு விட்ருவான். நீங்க செஞ்சத நீங்களே சொல்லுங்க, ஒண்ணு விடாம” என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆகவே சொல்கிறேன். டாக்டர் எழுதிய மாத்திரையை எரிச்சல் நின்ற பிறகும் முடியும்வரை கொடுக்க வேண்டும். கோயம்புத்தூர் வந்ததும் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் காட்டி அங்கே ஒரு குழந்தை டாக்டரிடம் தொடர்ந்து பாருங்கள். இனிமேல் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். வீட்டுக் கக்கூஸில் கால் வைக்க ஒரு பலகை போடு. அவசரப்படுத்தாதே, முழுசாகப் போகட்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்காரட்டும். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கீரையும் பழமும் கொடுங்கள். முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும் என்று மருமகள் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கட்டும். பள்ளிக்கூடம் திறந்ததும் நீ போ. மருமகளை அனுப்பிவிட்டு வாசலில் வண்டியில் உட்கார்ந்திருக்காதே. நீயே உள்ளே போய், கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள், என் மகள் கேட்டால் பெல் வரை காக்க வைக்காதீர்கள் என்று சொல். ஆம்பளை இதைப் பேசுவதா என்று உனக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்துக்கு உன் அக்கா கொடுத்த விலையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளையிடம் நீ சொன்ன வார்த்தைக்கு அவளிடமே வருத்தம் சொல். சின்னப் பிள்ளைதானே என்று விட்டுவிடாதே. எத்தனை வயதானாலும் அது மறக்காது.

இவ்வளவையும் எழுதி உன் அக்காவிடம் கொடுத்தேன். சமையல்கட்டில் நின்றபடியே படித்தாள். முழுசும் படித்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தாள். கடைசியில், ‘இவ்வளவுக்கும் காரணம், எனக்கு அன்றைக்கு எதுவும் தெரியாது’ என்று எழுதியிருந்தேன்.

“தெரியாதுன்னு எழுதாதீகப்பா. ஒரு தடவையாச்சும் என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கலன்னு எழுதுங்க” என்றாள்.

அவள் சொன்னபடி மாற்றி எழுதுகிறேன். நான் கேட்கவில்லை, தம்பி.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் இனியாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ கேள்.

அப்பா